தீபாவளி மலர்க் கதைக்கு 25 ரூபாய் அபராதம்: ஆபாசச் சட்டத்தில் சிறுபத்திரிகைக்காரன் எங்கே நிற்கிறான்?

#1 | ஈயஎழுத்து

எல்லோருக்கும் வணக்கம். ஒரு காலாண்டிதழ் நடத்துகிறேன், பெயர் இப்போதைக்கு வேண்டாம். அடுத்த இதழுக்கு ஒரு சிறுகதை வந்திருக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி. கணவர் இல்லை, வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கூட வேலை பார்க்கும் ஒருவரோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் இருக்கிறார். அவ்வளவுதான் கதை. இரண்டு பத்தியில் உடம்பு வருகிறது. கெட்ட வார்த்தை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று, அதுவும் சூப்பர்வைசர் வாயிலிருந்து.

வழக்கமாக அடித்துத் தரும் பிரஸ்காரர் புரூஃபில் அந்த இரண்டு பத்தியையும் பென்சிலால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். "சார், கடைசிப் பக்கத்துல உங்க பேருக்குக் கீழ என் பேரும் விலாசமும் வருது. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா உங்களை எழுத்தாளர்னு சொல்வாங்க, என்னை அசிங்கப் புத்தகம் அடிக்கிறவன்னு சொல்வாங்க" என்கிறார். அவருக்குப் பாதிப் பிழைப்பு கல்யாணப் பத்திரிகையிலும் கோயில் நோட்டீஸிலும்தான் ஓடுகிறது.

"தைரியமாகப் போடுங்கள்" என்ற பதில் வேண்டாம். சட்டப்படி பிரஸ்காரருக்கு என்ன ஆபத்து, எனக்கு என்ன ஆபத்து, அதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 | வாய்தா

பிரஸ்காரர் பயத்தில் அர்த்தம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றங்களில் வெகுகாலம் வக்கீல் தொழில் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292-தான் 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதா 294 ஆகியிருக்கிறது. விற்பவர், விநியோகிப்பவர், விற்பனைக்காகத் தயாரிப்பவர், கையில் வைத்திருப்பவர், எல்லோரும் அதற்குள் வருகிறார்கள். முதல் முறை என்றால் 2 வருடம் வரை சிறை. அபராதம் முன்பு 2,000 வரை, இப்போது 5,000 வரை. மறுபடி தண்டனை பெற்றால் 5 வருடம், 10,000 வரை போகும். ஜாமீன் உரிமையாகக் கிடைக்கும் குற்றம்தான். ஆனால் வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யலாம்.

"உள்ளே என்ன இருக்கிறது என்று நான் படிக்கவே இல்லை" என்று சொல்லியும் தப்ப முடியாது. பம்பாயில் ஹேப்பி புக் ஸ்டால் என்று ஒரு கடை. டி.எச். லாரன்ஸின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' என்ற ஆங்கில நாவலை விற்றதற்காகக் கடைப் பங்குதாரர்கள் மேல் வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் 1964-ல் நீதிபதி ஹிதாயதுல்லா தீர்ப்பு எழுதினார். புத்தகம் ஆபாசம் என்பது விற்றவருக்குத் தெரியும் என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டிய அவசியமே இல்லை என்றார். எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த் கூண்டில் ஏறி இது இலக்கியம் என்று சாட்சி சொல்லியும் எடுபடவில்லை. தண்டனை உறுதியானது. அபராதம் எவ்வளவு தெரியுமா? ஆளுக்கு 20 ரூபாய்.

பாதுகாப்பும் அதே பிரிவில் இருக்கிறது. அறிவியல், இலக்கியம், கலை, கல்வி ஆகியவற்றின் நலனுக்கானது, பொது நன்மைக்கு உரியது என்று நிரூபித்தால் விலக்கு உண்டு. 1969 திருத்தத்தில் வந்த வாசகம் அது. கோயில் சிற்பத்துக்கும் தேர்ச் சிற்பத்துக்கும் தனியாக விலக்கு இருக்கிறது. ஆக, உங்கள் பிரஸ்காரர் தேர்த்திருவிழா நோட்டீஸ் எத்தனை வேண்டுமானாலும் அடிக்கலாம், நம் தேர்களில் என்னென்ன செதுக்கியிருக்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

#3 | கடைசிப்பெஞ்ச்

அபராதம் 20 ரூபாய் என்றால் எதற்கு இவ்வளவு கவலை? கட்டிவிட்டுப் போக வேண்டியதுதானே.

#4 | வாய்தா

@கடைசிப்பெஞ்ச்: தம்பி, அந்த 20 ரூபாயைக் கட்டாமல் இருக்க எவ்வளவு செலவாகிறது என்று பாருங்கள்.

மராத்தியில் 'ரம்பா' என்று ஒரு மாத இதழ். 1962 தீபாவளி மலரில் சந்திரகாந்த் ககோட்கர் எழுதிய 'ஷாமா' என்ற கதை வந்தது. ஒருவர் புகார் கொடுத்தார். எழுதியவர், அச்சிட்டு வெளியிட்டவர், விற்பனை ஏஜெண்ட், மூன்று பேரும் குற்றவாளிக் கூண்டில். மாஜிஸ்திரேட் கதையை வரிவரியாகப் பார்த்துவிட்டு ஆபாசம் இல்லை என்று விடுதலை செய்தார். அதோடு முடிந்திருக்க வேண்டும். புகார்தாரரும் அப்பீல், அரசாங்கமும் அப்பீல். உயர் நீதிமன்றம் தீர்ப்பைத் திருப்பி, எழுத்தாளருக்கும் வெளியீட்டாளருக்கும் தலா 25 ரூபாய் அபராதம் போட்டது. கையில் மிச்சமிருக்கும் பிரதிகளை அழிக்க வேண்டும் என்றும் உத்தரவு. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது 1969 ஆகஸ்டில். மலர் வந்து கிட்டத்தட்ட ஏழு வருடம் ஓடிவிட்டது.

நல்ல தீர்ப்புதான். பாலுறவைத் தொட்டாலே ஆபாசம் என்று வைத்துக்கொண்டால் மத நூல்களைத் தவிர எந்தப் புத்தகத்தையும் விற்க முடியாது என்று நீதிபதி ஜகன்மோகன் ரெட்டி அதில் சொல்கிறார். ஆனால் இந்த வரியைக் கேட்பதற்குள் ஒரு மாத இதழ்க்காரர் மூன்று கோர்ட் படி ஏறியிருக்கிறார்.

#5 | ஹூக்ளிக்கரை

ஏழு வருடத்துக்கே இப்படிச் சொல்கிறீர்களே வாய்தா சார், எங்கள் பக்கத்துக் கதையைக் கேளுங்கள். பிழைப்புக்காகக் கல்கத்தா வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். இங்கே பூஜா மலர் என்பது வெறும் பலகாரக் குறிப்பு சமாசாரம் கிடையாது. பெரிய எழுத்தாளர்கள் முழு நாவலையே முதலில் அதில்தான் இறக்குவார்கள். 1967-ல் 'தேஷ்' என்ற வங்காளப் பத்திரிகையின் பூஜா மலரில் சமரேஷ் பாசுவின் 'பிரஜாபதி' வந்தது, 174-ஆம் பக்கத்திலிருந்து 226 வரை. நாயகன் சுகேன் ஒரு தெரு ரவுடி. அவன் வாயாலேயே கதை போகிறது. அவன் பெண்களைப் பார்க்கிற பார்வையும் பேசுகிற பேச்சும் தெரு ரவுடியுடையதுதான்.

1968 பிப்ரவரியில் ஒரு இளம் வக்கீல் தனிப் புகார் கொடுத்தார். நாவல் சமூகத்தைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. எழுத்தாளர் தரப்புக்காக வங்காளக் கவிஞர் புத்ததேவ பாசுவே வந்து சாட்சி சொன்னார். அந்த வருடம் டிசம்பரில் மாஜிஸ்திரேட் எழுத்தாளருக்கும் வெளியீட்டாளருக்கும் தலா 201 ரூபாய் அபராதம் விதித்தார். மொய் எழுதுவது மாதிரி அந்த ஒரு ரூபாயையும் சேர்த்துத்தான். மலரின் 174 முதல் 226 வரையான பக்கங்களை அழிக்க வேண்டும் என்றும் சொன்னார். 1972-ல் உயர் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 1985 செப்டம்பரில்.

பதினெட்டு வருடம். சமரேஷ் பாசு 1988-ல் காலமானார். வழக்கில் இருந்து வெளியே வந்து அவர் மூச்சு விட்டது மூன்று வருடம்கூட இல்லை.

#6 | வாய்தா

ஈயஎழுத்து சார், ஹூக்ளிக்கரை சொன்ன வழக்கைத்தான் இன்று வரை எல்லா வக்கீலும் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம். கொச்சையாக இருப்பதெல்லாம் ஆபாசம் ஆகிவிடாது, கொச்சையைப் படித்தால் அருவருப்பு வரலாம், சலிப்பு வரலாம், மனது கெட்டுவிடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. நீதிபதி முதலில் எழுத்தாளர் இடத்தில் நின்று அவர் என்ன சொல்ல வருகிறார் என்று பார்க்க வேண்டும், பிறகு எல்லா வயது வாசகர் இடத்திலும் நின்று பார்க்க வேண்டும், சொந்த ருசியை உள்ளே கொண்டுவரக் கூடாது என்றும் சொல்கிறார்கள்.

அப்புறம் 2014. பெண் தோழியோடு டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் ஆடையில்லாமல் நின்ற படத்தை ஒரு ஜெர்மன் பத்திரிகையிலிருந்து எடுத்து 'ஸ்போர்ட்ஸ்வேர்ல்ட்' போட்டது, 'ஆனந்தபஜார்' நாளிதழும் போட்டது. அந்த வழக்கில்தான் 1868-ஆம் வருடத்து லண்டன் அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் கைகழுவியது. யார் கையில் கிடைத்தால் யார் மனது கெடுமோ என்று ஆகப் பலவீனமான ஆளை நினைத்துப் பார்க்கிற அளவுகோல் அது. இப்போது சமகாலச் சமூகத்தின் சராசரி மனிதர் எப்படி எடுத்துக்கொள்வார் என்றுதான் பார்க்க வேண்டும், முழுப் படைப்பையும் வைத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கதையை இந்த அளவுகோலில் வைத்தால் கடைசியில் நீங்கள் ஜெயிப்பீர்கள். கடைசி எப்போது வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே ஆபத்து.

#7 | நூலகப்பூனை

நான் ஒன்று கவனித்தேன். ரம்பா தீபாவளி மலர், தேஷ் பூஜா மலர். லாகூரிலும் இதே கதைதான். உருது எழுத்தாளர் மன்டோவின் 'தண்டா கோஷ்த்' என்ற கதை 'ஜாவேத்' பத்திரிகையின் 1949 சிறப்பிதழில் வந்து வழக்கில் சிக்கியது. தற்செயல் என்று தோன்றவில்லை. மலர் என்றால் வீட்டுக்குள் வருகிறது. மாமனார் படிப்பார், கல்லூரிப் பெண் படிப்பாள், பக்கத்து வீட்டுக்கு இரவல் போகும். அதே கதை புத்தகமாக வந்தால் தேடி வாங்குகிறவர் கைக்குத்தான் போகிறது. கோபம் கதையின் மேல் மட்டும் இல்லை, அது வந்து உட்கார்ந்த இடத்தின் மேலும்தான். எங்கள் நூலகத்திலேயே நாவல் அலமாரியில் எதைப் பற்றியும் யாரும் கேட்க மாட்டார்கள். வார இதழ் மேசையில் ஒரு படம் கொஞ்சம் அப்படி இப்படி இருந்தால் அன்றைக்கே புகார்ப் புத்தகம் கேட்பார்கள்.

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ர. தோ. கர்வே. 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்ற மராத்தி மாத இதழை 1927-லிருந்து 1953-ல் சாகும் வரை தனி ஆளாக நடத்தியவர். குடும்பக் கட்டுப்பாடு, பாலியல் ஆரோக்கியம், வாசகர் கேள்வி பதில். அந்தக் காலத்தில் அந்தக் கேள்விகளை வேறு எங்கே கேட்க முடியும்? திரும்பத் திரும்ப ஆபாச வழக்கு. 1934-ல் அவருக்காக வாதாடிய பாரிஸ்டர் யார் தெரியுமா, அம்பேத்கர். வழக்கு தோற்றது, 200 ரூபாய் அபராதம். கர்வே அதற்கப்புறமும் இதழை நிறுத்தவில்லை. இலக்கியத்தைக் காப்பாற்ற எல்லோரும் வருகிறார்கள், ஒரு சுகாதாரப் பத்திரிகையைக் காப்பாற்ற அம்பேத்கர் வந்திருக்கிறார். எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

#8 | கடைசிப்பெஞ்ச்

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுபக்கம் போகிறேன்.

இந்தச் சட்டத்தில் எத்தனை இலக்கியம் மாட்டியது என்று கணக்குச் சொல்கிறீர்கள். பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய பத்திரிகைகளை மறந்துவிட்டீர்களா? சரோஜாதேவி புத்தகம் என்று ஒரு வகையே இருந்தது. அதை அடித்தவனும் கேட்டால் கற்பனைக் கதை என்றுதான் சொல்வான். சட்டமே வேண்டாம் என்றால் அவனுக்கும் கொண்டாட்டம். பஸ் ஸ்டாண்டில் பள்ளிக்கூடப் பெண்கள் அந்த அட்டையைக் கடந்து போக வேண்டியிருந்தது, அது யார் சுதந்திரம்?

அப்புறம் பெரிய பத்திரிகைகள். இலக்கியம் என்ற பெயரில் விற்பனைக்காகப் போடுவதும் நடக்கிறது. 2018-ல் 'கிருகலட்சுமி' மலையாளப் பத்திரிகை அட்டையில் ஒரு நடிகை குழந்தைக்குப் பால் கொடுக்கிற மாதிரி படம். அவர் அந்தக் குழந்தைக்குத் தாயும் இல்லை. நோக்கம் நல்லது என்றார்கள். கேரள உயர் நீதிமன்றமும் அதில் ஆபாசம் இல்லை என்றது. எனக்கு அது விளம்பரமாகத்தான் பட்டது.

#9 | உப்புக்காற்று

@கடைசிப்பெஞ்ச்: பஸ் ஸ்டாண்ட் அட்டையைக் கடந்து போன பள்ளிக்கூடப் பெண்களில் நானும் ஒருத்தி. அதனால் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

அந்தக் கயிற்றுப் பத்திரிகைகளை இந்தச் சட்டம் நிறுத்தியதா? போலீஸ் ரெய்டு வரும், ஒரு வாரம் கயிறு காலியாக இருக்கும், மறுபடி தொங்கும். கடைசியில் அதை ஒழித்தது செல்போன். ஆனால் ஒரு பெண் தன் உடம்பைப் பற்றித் தானே எழுதினால் என்ன நடக்கிறது? கவிஞர் குட்டி ரேவதி 2002-ல் 'முலைகள்' என்று கவிதைத் தொகுப்புக்குப் பெயர் வைத்தார். சினிமாப் பாட்டு எழுதுகிறவர்களே எதிர்த்துக் கிளம்பினார்கள். யார் எதைப் பாட்டில் எழுதிப் பிழைத்தவர்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அதே காலத்தில் குடும்ப வார இதழ்களின் நடுப்பக்கப் படங்களைப் பார்த்து யாரும் மூச்சு விடவில்லை.

'கிருகலட்சுமி' விளம்பரம்தான், ஒத்துக்கொள்கிறேன். விளம்பரம் பிடிக்காவிட்டால் திட்டி எழுதுங்கள். நானும் எழுதியிருப்பேன். அதற்கு மாஜிஸ்திரேட் எதற்கு?

'பிரஜாபதி'யைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்தேன். சுகேன் பெண்களைப் பார்க்கிற விதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அவனுக்குள் இருக்கும் பயத்தைக் காட்டத்தான் அப்படி எழுதியிருக்கிறார் என்று புரிந்தது, ஆனாலும் எரிச்சல் போகவில்லை. அந்த எரிச்சலோடுதான் அந்த விடுதலைத் தீர்ப்பு சரி என்கிறேன். சுதந்திரம் வேண்டும் என்பதற்காக எல்லாப் புத்தகத்தையும் ரசிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

#10 | ஹூக்ளிக்கரை

எழுத்தாளர்கள் எல்லோரும் ஒரே அணி என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1964-ல் இங்கே 'பசித்த தலைமுறை' என்று ஒரு இளைஞர் கூட்டம் துண்டுத்தாள் மாதிரி புல்லட்டின் அடித்து விநியோகித்தது. அதில் மலாய் ராய்சௌத்ரியின் ஒரு கவிதைக்காக வழக்கு. பாட்னாவில் கைது. அவருடைய சொந்தக் கூட்டாளிகளாக இருந்த சக்தி சட்டோபாத்யாயும் சந்தீபன் சட்டோபாத்யாயும் அரசுத் தரப்பு சாட்சிகளாக வந்தார்கள். சுனில் கங்கோபாத்யாய் மலாய் தரப்புக்குச் சாட்சி சொன்னார். 1965 கடைசியில் 200 ரூபாய் அபராதம், 1967 ஜூலையில் உயர் நீதிமன்றம் விடுதலை. விடுதலையோடு பழைய நட்பு திரும்பி வந்துவிடுமா என்ன. இங்கே பழைய புத்தகக் கடைகளில் அந்த புல்லட்டின் தாள் ஒன்று கிடைத்தால் யானை விலை சொல்கிறார்கள்.

#11 | மலபார்ப்பக்கம்

'முழுப் படைப்பையும் வைத்துப் பார்க்க வேண்டும்' என்று வாய்தா சார் சொன்னாரே, அங்கேதான் பத்திரிகைக்குச் சிக்கல். தொடர்கதைக்கு முழு என்பது எங்கே இருக்கிறது?

2018 ஜூலையில் 'மாத்ருபூமி' வார இதழில் எஸ். ஹரீஷின் 'மீசை' தொடராக வந்துகொண்டிருந்தது. கோயிலுக்குப் போகும் பெண்களைப் பற்றி ஒரு பாத்திரம் கிண்டலாக ஏதோ சொல்கிறது. அந்த நாலு வரியை வெட்டி வாட்ஸ்ஆப்பில் சுற்றவிட்டார்கள். அவர் குடும்பத்தில் உள்ளவர்களை எல்லாம் மிரட்டினார்கள். மூன்று அத்தியாயம் வந்த நிலையில் அவரே தொடரை நிறுத்திக்கொண்டார். தடை கேட்டு உச்ச நீதிமன்றம் போன மனு அந்த செப்டம்பரிலேயே தள்ளுபடி. இரண்டு மாதத்துக்குள் தீர்ப்பு, நம் நாட்டில் இது ராக்கெட் வேகம். அப்படியும் பத்திரிகையில் நாலாவது அத்தியாயம் வரவில்லை. டி.சி. புக்ஸ் நாவலாகப் போட்டது, ஆங்கிலத்தில் 2020-ல் ஜேசிபி இலக்கியப் பரிசு வாங்கியது. நாவல் பிழைத்துக்கொண்டது, தொடர் செத்துவிட்டது.

தொடரில் ஒரு கெட்டவன் பேசினால், அவன் என்ன ஆகிறான் என்பது பத்து வாரம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் முதல் வாரத்திலேயே ஆசிரியரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். நான் ஆசிரியனாக இருந்தால் தொடர் முழுவதும் எழுதி முடித்துக் கைக்கு வந்தபிறகே முதல் அத்தியாயம் போடுவேன்.

#12 | ஈயஎழுத்து

எல்லோருக்கும் நன்றி. நான் கேட்டதைவிட நிறையவே கிடைத்தது. மூன்று கேள்வி:

ஒன்று, பிரச்சினை வந்தால் உடனே வருத்தம் தெரிவித்துவிட்டால் வழக்கு போய்விடுமா? இரண்டு, அச்சை விட்டுவிட்டு இணையத்தில் மட்டும் போட்டால்? மூன்று, ஊர் ஊராக வழக்கு போடுவார்களாமே, நிஜமா?

#13 | வாய்தா

மூன்றாவது முதலில். நிஜம். அதுவும் நம் ஊரிலேயே நடந்தது. 2005-ல் 'இந்தியா டுடே'யில் பாலியல் பழக்கங்கள் பற்றிய கணிப்போடு நடிகை குஷ்புவின் கருத்தும் வந்தது. தமிழ்நாடு முழுக்க 23 புகார்கள். உயர் நீதிமன்றம் ரத்து செய்ய மறுத்து, உச்ச நீதிமன்றம் 2010-ல் மொத்தத்தையும் தூக்கி எறிந்தது. ஆபாசப் பிரிவுக்கும் அதில் வேலையில்லை என்று சொன்னார்கள். ஐந்து வருடம், இத்தனைக்கும் அவர் வசதியுள்ள நட்சத்திரம். ஐந்நூறு பிரதி அடிக்கிற ஆசிரியர் இராமநாதபுரத்தில் ஒரு வாய்தா, தர்மபுரியில் ஒரு வாய்தா என்று பஸ் ஏறினால் அடுத்த இதழுக்குக் காகிதம் எங்கிருந்து வரும்?

இப்போது ஒரு சின்ன நல்லது நடந்திருக்கிறது. புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 223-ன்படி, தனிப் புகார் வந்தால் மாஜிஸ்திரேட் அதைக் கோப்பில் எடுக்கும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச வாய்ப்புத் தர வேண்டும். முன்பு சம்மன் வந்தபிறகுதான் நமக்கே விஷயம் தெரியும். அந்த முதல் கட்டத்திலேயே சமரேஷ் பாசு தீர்ப்பையும் 2014 தீர்ப்பையும் முழுக் கதையையும் வைத்து வாதாடலாம். போலீஸ் நேராக எஃப்ஐஆர் போட்டால் இந்த வசதி கிடையாது.

வருத்தம் தெரிவிப்பது பற்றி. வங்கி ஊழியர் சங்கம் ஒன்றின் உள்சுற்று இதழில் 1994-ல் வசந்த் தத்தாத்ரேய குர்ஜரின் 'காந்தி மலா பேட்லா' என்ற மராத்திக் கவிதை மறுபிரசுரமானது. லாத்தூரில் வழக்கு. 2015-ல் உச்ச நீதிமன்றம் வெளியிட்டவரையும் அச்சிட்டவரையும் விடுவித்தது. உடனே நிபந்தனையில்லாமல் மன்னிப்புக் கேட்டுவிட்டார்கள் என்பது ஒரு காரணம். ஆனால் கவிஞரை விசாரணைக்கு விட்டுவிட்டார்கள். காந்தி போல வரலாற்றுப் பெருமை கொண்ட ஒருவர் வாயில் ஆபாசப் பேச்சை வைத்தால் அளவுகோல் இன்னும் கடுமையாகும் என்றார்கள். சட்டத்தில் இல்லாத ஒரு தனிச் சலுகையை அந்தத் தீர்ப்பு பெரிய மனிதர்களுக்குக் கொடுத்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். வெளியிட்டவர் தப்பி, எழுதியவர் மாட்டுகிற இந்த வழியை எடுப்பதா என்பதை உங்கள் மனசாட்சியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இணையத்தில் போட்டால் லேசு என்று நினைக்காதீர்கள், அங்கே கனம் அதிகம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-ல் முதல் முறைக்கே 3 வருடம் வரை, அபராதம் 5 லட்சம் வரை. இலக்கிய விலக்கு அங்கேயும் இருக்கிறது, ஆனால் 67பி-யின் அடியில் போய் ஒளிந்துகொண்டிருக்கிறது, பல சமயம் போலீஸ்காரர்கள் அதுவரை படிப்பதில்லை. 2024-ல் ஒரு வெப் தொடர் வழக்கில் கெட்ட வார்த்தை பேசுவதே ஆபாசம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது மட்டும் ஆறுதல்.

#14 | நூலகப்பூனை

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை ஏன் யாரும் சொல்லவில்லை? 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் ஆபாசச் சட்டத்தின் வரலாறே இருக்கிறது. பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்று நீதிபதி சொன்னதைப் பிரிண்ட் எடுத்துப் பிரஸ்காரரிடம் கொடுங்கள்.

#15 | வாய்தா

கொடுக்கலாம். ஆனால் பெருமாள்முருகனைப் பேனாவைக் கீழே வைக்க வைத்தது எந்தக் கோர்ட்டும் இல்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த 'அமைதிப் பேச்சுவார்த்தை'. பிரஸ்காரர் பயப்படுவது அந்த மாதிரி அறைக்குத்தான். அங்கே தீர்ப்பு நகல் செல்லாது.

#16 | உப்புக்காற்று

ஈயஎழுத்து, இத்தனை பதிவிலும் ஒரு ஆள் வரவே இல்லை. கதையை எழுதியவர். அவரிடம் இதையெல்லாம் சொன்னீர்களா? வழக்கு வந்தால் கூண்டில் உங்களோடு அவரும்தான் நிற்க வேண்டும். நீங்களும் பிரஸ்காரரும் பேசி இரண்டு பத்தியை எடுத்துவிட்டு அவரிடம் "இடப் பற்றாக்குறை" என்று சொல்லும் உத்தேசம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். எனக்கே அப்படிச் செய்திருக்கிறார்கள், எந்தப் பத்திரிகை என்று சொல்லப்போவதில்லை. இதழ் கைக்கு வந்தபிறகுதான் என் கதையின் முடிவு மாறியிருப்பது தெரிந்தது.

#17 | ஈயஎழுத்து

நேற்று பேசினேன். பின்னலாடைத் தொழிலிலேயே இருக்கிறவர். நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பத்தியை எடுக்க ஒப்புக்கொள்ளவில்லை, புனைபெயரும் வேண்டாம் என்றார். "ரெண்டு பத்தியை எடுத்துட்டா அந்தம்மா அங்க எதுக்குப் போனாங்கன்னே புரியாதே" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பழைய பிரஸ்காரரிடம் வற்புறுத்தப்போவதில்லை. அவர் பயம் நியாயமானது, அவரோடு எனக்குச் சண்டையும் இல்லை. வழக்கமான நோட்டீஸ் வேலை எல்லாம் அவரிடமே போகும். பக்கத்து ஊரில் இன்னொருவரிடம் கேட்டேன். அவர் வட்டம் போட்ட பத்தியை மட்டும் வேண்டாம், முழுக் கதையையும் அனுப்பு என்றார். படித்துவிட்டு அடிக்கிறேன் என்றார், ஆனால் பணம் முன்கூட்டியே வேண்டுமாம்.

வாய்தா சார், 'பிரச்சினை வந்தால் முழுப் பொறுப்பும் என்னுடையது' என்று அவருக்கு நான் கடிதம் எழுதிக் கொடுத்தால் செல்லுமா?

#18 | வாய்தா

கிரிமினல் வழக்கில் செல்லாது. ஒருவர் குற்றப் பொறுப்பை இன்னொருவர் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது. ஆனால் வக்கீல் செலவை நீங்கள் ஏற்பதாக எழுதிக் கொடுக்கலாம், அது அவருக்கு நிஜமான உதவி. கதை தேர்வானதற்கு ஆசிரியர் குழுவின் குறிப்பு ஏதாவது இருந்தால் தேதியோடு எடுத்து வையுங்கள். ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று இரண்டு மூன்று பேர் எழுதியது பின்னால் இலக்கிய விலக்குக்கு உதவும். மூத்த எழுத்தாளர் ஒருவரின் கருத்தையும் முன்பே வாங்கி வைத்தால் நல்லது. நிபுணர் சொல்வது நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, ஆனால் 1964 மாதிரி இப்போது யாரும் அதை ஒதுக்கித் தள்ளுவதில்லை.

கடைசிப் பக்கத்தில் ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் விவரம் சரியாக இருக்கட்டும். பழைய அச்சகத்தின் பெயரைப் பழக்கத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள்.

#19 | கடைசிப்பெஞ்ச்

என் கருத்தில் மாற்றமில்லை, கயிற்றுப் பத்திரிகைக்காரனுக்கு ஒரு சட்டம் வேண்டும். அது இதே சட்டமாக இருக்க வேண்டுமா என்பதை மட்டும் யோசிக்கிறேன். உப்புக்காற்று சொன்ன நடுப்பக்க விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

சந்தா எப்படிக் கட்டுவது? கதை பிடிக்காவிட்டால் இங்கேயே வந்து திட்டுவேன்.

#20 | ஈயஎழுத்து

தாராளமாக. விவரம் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். ஆண்டுச் சந்தா 400, தபால் செலவு உட்பட.